அறிவிப்பு நம்மைத் தேடி வரட்டும்

பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறு காலை சமய வகுப்பு முடிந்து எல்லாரும் பசியாறக் கிளம்பிக்கொண்டிருந்தோம். தங்கச்சி ஒருத்தி வந்து, "அண்ணா, திருமுறை ஓதும் போட்டிக்கு எப்போ பேர் கொடுக்கணும்?" என்று கேட்டாள். பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. மூன்று மாதமாகப் பதிகம் மனப்பாடம் செய்த பிள்ளை அது.

ஏற்பாட்டாளர்கள் எதையும் மறைக்கவில்லை. அவர்களுடைய அகப்பக்கத்தில் அறிவிப்பு மூன்று வாரமாகவே இருந்தது. முகநூலிலும் போட்டிருந்தார்கள், இவள் திரைக்கு அது வரவே இல்லை. புலனக் குழுவிலும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அது 'காலை வணக்கம்' படங்களுக்கு அடியில் போய்விட்டது.

முகநூலும் இன்ஸ்டாகிராமும் நமக்கு எது தேவை என்று பார்த்துக் காட்டுவதில்லை. எதைக் காட்டினால் நாம் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்போம் என்று கணக்குப் போட்டுத்தான் காட்டுகின்றன. 1924-ல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழை வீட்டில் பெரியவர்கள் படித்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அச்சான எல்லாமே எல்லார் வீட்டுக்கும் போகும். தாத்தாவுக்கு ஒரு பக்கம், பேரனுக்கு வேறு பக்கம் என்று அது மாறாது. அந்த வசதி இணையத்திலும் இருக்கிறது. அதன் பெயர் செய்தியோடை. ஆங்கிலச் சுருக்கம் ஆர்எஸ்எஸ். (நாக்பூர் ஞாபகம் வந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். அது வேறு, இது வேறு!)

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. அகப்பக்கத்தில் புதிதாக ஒன்று ஏறும்போது, அதன் தலைப்பு, தேதி, இணைப்பு, சுருக்கம் ஆகியவை ஒரு சின்னக் கோப்பிலும் தானாக எழுதப்படும். அந்தக் கோப்புதான் ஓடை. உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஓடை படிப்பான் செயலி அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக இருப்பதை எடுத்து வந்து அடுக்கி வைக்கும். இருபது அகப்பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, ஒரே பட்டியல்தான். அந்த அகப்பக்கத்தாருக்கு உங்கள் தொலைபேசி எண்ணும் போகாது, மின்னஞ்சல் முகவரியும் போகாது. வேண்டாம் என்றால் நீங்களே நீக்கிவிடலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இது 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அடுத்த ஆண்டு வந்த 1.0 வடிவத்தை எழுதிய குழுவில் ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கப் பையனும் இருந்தான். அப்போது அவனுக்கு வயது 14. நம் ஊர்க் கணக்கில் இரண்டாம் படிவம்! தமிழில் இதை நன்றாகப் பயன்படுத்திக் காட்டியது, 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்து தமிழில் எழுதியவர்களின் ஓடைகளை அது ஒரே பக்கத்தில் சேர்த்தது. யார் இன்று புதிதாக எழுதியிருக்கிறார் என்று அங்கே போனால் தெரிந்துவிடும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் அப்படித்தான் பழக்கமானார்கள்.

பிறகு முகநூல் வளர்ந்தது. பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ஆம் தேதி கூகுள் மூடியது. "ஓடை செத்துப்போச்சு" என்று பலர் நினைத்துவிட்டார்கள். சாகவில்லை. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட் எல்லாம் பெரும்பாலும் இந்த ஓடை வழியாகத்தான் வருகின்றன. யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு.

செய்து பார்ப்போமா? ஃபீட்லி அல்லது இனோரீடர் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக் கணக்குத் திறங்கள். சேர்க்கும் இடத்தில் அகப்பக்கத்தின் முகவரியைப் போட்டால், ஓடை இருந்தால் அதுவே கண்டுபிடித்துவிடும். கிடைக்கவில்லையா? முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்துப் பாருங்கள். வேர்ட்பிரஸில் கட்டிய தளங்களில் பெரும்பாலும் ஓடை அங்கேதான் இருக்கும். சங்கங்கள், கோயில்கள் பலவும் அதில்தான் கட்டியிருக்கின்றன. எல்லாத் தளத்திலும் ஓடை இருக்காது, அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். முதலில் மூன்று முகவரி போதும். ஒன்று உங்கள் கோயில் அல்லது சங்கம், இன்னொன்று படிப்பு சம்பந்தப்பட்டது, மூன்றாவது உங்கள் விருப்பம். முதல் நாளே ஐம்பது சேர்த்தால் இன்னொரு புலனக் குழு ஆகிவிடும். நானே அப்படி மாட்டிக்கொண்டு பாதியை நீக்கியவன்.

கோயில் அகப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சம்பளம் வாங்காமல் ராத்திரி கண்விழித்துச் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் சுவரொட்டியைப் படமாகப் போட்டு, தலைப்பில் 'அறிவிப்பு' என்று மட்டும் எழுதினால், ஓடையில் எங்களுக்கு 'அறிவிப்பு' என்ற ஒரு சொல்தான் வருகிறது. போட்டியின் பெயரையும் பதிவின் கடைசி நாளையும் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். படத்தில் உள்ள விவரத்தைக் கீழே எழுத்தாகவும் தட்டுங்கள். பார்வை குறைந்தவர்களின் கைப்பேசி அதைத்தான் வாசித்துச் சொல்லும். தேடினாலும் அதுதான் அகப்படும்.

அந்தத் தங்கச்சி அன்றைக்கே பசியாறும் மேசையில் உட்கார்ந்து மூன்று முகவரிகளையும் சேர்த்துவிட்டாள். தோசை ஆறிப்போனதுதான் மிச்சம் என்று அவள் அம்மா சொன்னார். அடுத்த போட்டிக்கான தேதி இன்னும் வரவில்லை. வந்தால் வகுப்பில் முதலில் சொல்லப்போவது தான்தான் என்கிறாள். பதிகத்தையும் விடவில்லை, வாராவாரம் ஓதிக்கொண்டுதான் இருக்கிறாள்.