தட்டில் எத்தனை கலோரி?



ஆய்வகத்தில் பாம் கலோரிமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். எரிபொருளை உள்ளே வைத்து எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை டிகிரி சூடாகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறோம். டீசல் என்றால் கிலோவுக்கு 10,000 கிலோ கலோரிக்குச் சற்று மேல் வரும். சரி, நாம் தினமும் சாப்பிடும் சோற்றுக்கு எவ்வளவு? வைவாவில் இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி.

கலோரி என்றால் என்ன?

ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு கிலோ கலோரி. சாப்பாட்டு விஷயத்தில் சும்மா 'கலோரி' என்று சொல்வதும் இதைத்தான். மாவுச்சத்து 1 கிராமுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. இந்த மூன்று எண்கள் மனப்பாடம் ஆனால் பாதிப் பாடம் முடிந்தது.

சோற்றை அளப்பது எப்படி?

சோற்றைக் கண்ணால் பார்த்துக் கலோரி சொல்வது கஷ்டம். குழைந்த சோற்றில் தண்ணீர் அதிகம், உதிரிச் சோற்றில் கம்மி. அதனால் அரிசியாக இருக்கும்போதே அளக்கணும். ஆழாக்கில் (168 மி.லி.) தலைதட்டி அளந்தால் சுமார் 135 கிராம் அரிசி பிடிக்கும். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. ஆக, ஓர் ஆழாக்கு அரிசி சுமார் 470 கலோரி. வெந்தபின் எடை இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகும். ஆனால் கலோரி கூடாது, கூடுவது தண்ணீர் மட்டும்தான்.

மற்றவை தோராயமாக:

இட்லி 1 – 55 முதல் 60
தோசை 1 (எண்ணெய் 1 டீஸ்பூன்) – 130
பரோட்டா 1 – 250 முதல் 300
சாம்பார் 1 கரண்டி – 60
முட்டை 1 – 70
டீ 1 (சர்க்கரை 2 டீஸ்பூன்) – 75
வேர்க்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்) – 170
எண்ணெய் 1 டீஸ்பூன் – 40

நம்மை ஏமாற்றுவது எண்ணெயும் டீயும்தான். நாலு டீ குடித்தால் 300 கலோரி. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை! அதே 170 கலோரிக்கு வேர்க்கடலை தின்றால் 7 கிராம் புரதமும் சேர்ந்து கிடைக்கும். கலோரி மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதுவே உதாரணம்.

யாருக்கு எவ்வளவு தேவை?

1918-ல் குன்னூரில் தொடங்கி, இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் தந்த பரிந்துரை இது. கடின உழைப்பு செய்யும் ஆணுக்கு 3,470 கலோரி. அதே உழைப்புள்ள பெண்ணுக்கு 2,720. உட்கார்ந்த வேலை என்றால் ஆணுக்கு 2,110, பெண்ணுக்கு 1,660. வளரும் வயதில் 16 முதல் 18 வரை உள்ள ஆண்பிள்ளைக்கு 3,320. 13 முதல் 15 வரை உள்ள பெண்பிள்ளைக்கு 2,400.

இதைப் படித்ததும் எங்கள் வீட்டுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு வீட்டுக் கணக்கு

அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மா நடவு வேலைக்குப் போகிறார். நானும் தங்கையும் படிக்கிறோம். ராத்திரிக்கு மூன்று ஆழாக்கு அரிசி பொங்கினால் 12 அன்னக்கரண்டி சோறு வருகிறது. லீவில் போனபோது ஒரு நாள் பேசாமல் எண்ணிப் பார்த்தேன். அப்பாவுக்கு 4 கரண்டி, எனக்கு 4, தங்கைக்கு 2½. கடைசியில் அம்மாவுக்கு மிஞ்சியது 1½. அதாவது எனக்கு 470 கலோரி, அம்மாவுக்கு 176.

நான் பெஞ்சில் உட்கார்ந்து வந்தவன். அம்மா பகல் முழுக்கச் சேற்றில் குனிந்து நின்றவர். கேட்டால், "படிக்கிற புள்ள நல்லா சாப்புடணும். எனக்குப் பசிக்கல சாமி" என்றார். இத்தனை வருஷமாக அதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதே 12 கரண்டியைத் தேவைப்படி பிரித்தேன். அப்பாவுக்கு 3½, எனக்கு 3¼, அம்மாவுக்கு 2¾, தங்கைக்கு 2½ என்று வந்தது. அரிசி ஒரு பிடிகூட அதிகம் வேண்டாம். அப்பாவிடம் அரைக் கரண்டி, என்னிடம் முக்கால் கரண்டி எடுத்தால் போதும்!

நோட்டைக் காட்டினேன். "சோத்தையுமாடா கணக்குப் போடச் சொல்லித் தர்றாங்க?" என்று அம்மா சிரித்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் தட்டில் மூன்றரைக் கரண்டி விழுந்ததும் "போதும்" என்று கையை மறித்தார். இப்போது நான் ஊருக்குப் போனால் கரண்டி என் கையில்தான். அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரமே அளவாக உண்பதைப் பற்றிப் பேசுகிறது. நண்பர்களே, அடுத்த லீவில் ஒரே ஒரு ராத்திரி உங்கள் வீட்டிலும் கரண்டியை எண்ணிப் பாருங்கள். கடைசியாகச் சாப்பிடுபவர் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

அளந்து உண்போம்! பகிர்ந்து உண்போம்!