கோடையில் காயும் விறகு, மாரியில் எரியும் அடுப்பு

சொந்த வளவுக்குத் திரும்பிய முதல் வருடத்தில் வேலைகளுக்குக் குறைவிருக்காது. கிணறு இறைக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும், கொட்டில் மேய வேண்டும். இவற்றுக்கிடையில் விறகைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஐப்பசியில் மழை தொடங்கும்போதுதான் அது நினைவுக்கு வரும். அப்போது கையிலிருப்பது ஈர விறகு. குசினி முழுவதும் புகை, பிள்ளைகளுக்கு இருமல். காய்ந்த தடி தேடி யாராவது ஒருவர் பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்குகிறார். மிதிவெடி அபாயம் முழுமையாக நீங்காத இடங்களில் இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த நிலை வராமல் தடுக்கும் வேலையைக் கோடையிலேயே செய்துகொள்ளலாம். இந்தப் பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்வது:

• விறகு எப்படி எரிகிறது, ஏன் புகைக்கிறது
• கோடை மாதங்களில் செய்ய வேண்டிய விறகு வேலைகள்
• இரண்டு பேணிகளைக் கொண்டு விறகு வாயு அடுப்புச் செய்யும் முறை
• கட்டாயம் தவிர்க்க வேண்டிய ஆபத்துகள்

1. எரிவது விறகின் வாயு

ஒரு காய்ந்த தடியைப் பற்றவைத்துக் கவனியுங்கள். சுவாலை தடியைத் தொடாமல் சற்று மேலே நிற்பதைக் காண்பீர்கள். சூடேறும்போது விறகிலிருந்து வாயு வெளியேறுகிறது. அந்த வாயு காற்றுடன் கலந்து எரிவதுதான் சுவாலை. வாயு முழுவதும் போன பின் மிஞ்சுவது கரி.

அடுப்பில் எழும் புகை எரியாமல் தப்பிப்போகும் வாயுவும் தாரும் ஆகும். அதாவது புகைக்கும் அடுப்பு உங்கள் விறகின் ஒரு பகுதியை வீணாக்கிக்கொண்டிருக்கிறது. விறகு ஈரமாக இருந்தால் நெருப்பின் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். வாயு எரியப் போதிய சூடு கிடைக்காது. பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெயிலிலும் காற்றிலும் நன்கு காய்ந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

இந்த வாயுவைக் கொண்டு வாகனமும் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது சுவீடன், பின்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளில் பெருந்தொகையான லொறிகளும் கார்களும் விறகு வாயுவில் ஓடின. 1 லீற்றர் பெற்றோலுக்குப் பதிலாகச் சுமார் 3 கிலோ காய்ந்த விறகு தேவைப்பட்டது. இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிராமப்புறங்களில் சிலர் தாமே இத்தகைய கருவிகளைச் செய்து பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய கோடைகாலம் பெரும்பாலும் விறகு பிளப்பதிலும், சிறு துண்டுகளாக வெட்டுவதிலும், அவற்றைக் காயவைத்து மூடிவைப்பதிலும், சாம்பலும் தாரும் துப்புரவாக்குவதிலும் கழிகிறது. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஈர விறகில் அது வேலை செய்யாது. நமது குசினிக்கும் இதே விதிதான்.

2. கோடை மாதங்களின் வேலைகள்

சித்திரை, வைகாசி: வேலிக் கதியால்களின் கிளைகளை வெட்டுங்கள். சீமைக்கிளுவை, பூவரசு, வேம்பு ஆகியவை நல்ல விறகு தரும். சீமைக்கிளுவையின் இலையை ஆட்டுக்குப் போடலாம், தோட்டத்துக்குப் பசளையாகவும் தாழ்க்கலாம். விரல் பருமனான தடிகளை அப்படியே வைக்கலாம். அதற்கு மேல் பருத்தவற்றை அன்றே பிளந்துவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது பிளப்பது எளிது. பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பதால் பிளந்த விறகுதான் விரைவில் காயும்.

ஆனி, ஆடி: இது சோளகக் காற்று வீசும் காலம். வெயிலைப் போலவே காற்றும் விறகைக் காயவைக்கும். நிலத்தில் இரண்டு கட்டைகளைப் போட்டு அவற்றின் மேல் விறகை இடைவெளி விட்டு அடுக்குங்கள். நிலத்தில் நேரே அடுக்கினால் கீழ் வரிசையைக் கறையான் அரிக்கும். விறகு எடுக்கும்போது பாம்பு, தேள் இருக்கக்கூடும். முதலில் ஒரு தடியால் தட்டிப் பாருங்கள்.

ஆவணி: காய்ந்த விறகைப் பெருவிரல் அளவு துண்டுகளாக வெட்டுங்கள். பிள்ளைகள் சிரட்டையையும், தை மாசியில் கிழங்கு கிண்டிய பின் மிஞ்சிய ஊமலையும் சேர்த்து வைக்கலாம். பன்னாடையைப் பற்றவைப்பதற்கென்று தனியாகக் கட்டி வையுங்கள்.

புரட்டாசி: மழைக்கு முன் எல்லாவற்றையும் தாழ்வாரத்துக்குள் கொண்டுவாருங்கள், அல்லது தறப்பாளால் மூடுங்கள். மேற்புறத்தை மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். முழுவதும் சுற்றிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

மழை தொடங்கியதும்: துப்புரவாக்கப்பட்ட எல்லையோரத்தில் சீமைக்கிளுவைத் தடிகளை நடுங்கள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த 4ஆவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் அரசு அறிவித்த மரம் இது. வெட்ட வெட்டத் தழைக்கும். வேலியும் விறகும் ஒரே மரத்தில் கிடைக்கும்.

விறகு காய்ந்துவிட்டதா என்று அறிய 3 வழிகள்: இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வெட்டுமுகத்தில் வெடிப்புத் தெரியும். ஒரு கட்டு விறகைக் கிழமைக்கு ஒருமுறை கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தால், நிறை குறைவது நின்றிருக்கும்.

3. எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது

துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்ட உங்கள் வளவிலும் ஊர்மக்கள் நாளாந்தம் நடமாடும் இடங்களிலும் மட்டும் விறகு எடுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை, சிவப்பு நாடா, சிவப்பு முனையுள்ள தடிகள் இருக்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். பலகை இல்லை என்பதற்காக ஓரிடம் பாதுகாப்பானது என்று எண்ணவும் வேண்டாம். கைவிடப்பட்ட காவலரண், பதுங்கு குழி, இடிந்த வீடு ஆகியவற்றின் மரங்களைத் தொடாதீர்கள்.

சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. உயிருள்ள பனையையோ காட்டு மரத்தையோ தறிக்க அனுமதி தேவை. முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

அலரி, தில்லை ஆகிய மரங்களை எரிக்காதீர்கள். அவற்றின் பாலும் புகையும் கேடானவை. பெயின்ற் பூசிய பலகை, பிளாஸ்ரிக், றப்பர் ஆகியவற்றையும் அடுப்பில் போட வேண்டாம்.

4. இரண்டு பேணி அடுப்பு

தேவையானவை: ஒரு பெரிய தகரப் பேணி, அதற்குள் சுற்றிலும் சுமார் 2 சென்ரிமீற்றர் இடைவெளியோடு நுழையக்கூடிய விளிம்புள்ள சிறிய பேணி, ஆணி, சுத்தியல், தகரம் வெட்டும் கத்தரிக்கோல், தடித்த கையுறை அல்லது துணி. சிறிய பேணியின் உயரம் பெரியதை விட 3 சென்ரிமீற்றராவது குறைவாக இருக்க வேண்டும்.

கடையிலிருந்து வந்த பால்மா, பிஸ்கட் பேணிகளை மட்டும் பயன்படுத்துங்கள். வளவில் அல்லது காட்டில் கிடந்த இரும்பு உருளை, எறிகணைக் கோது, வெடிமருந்துப் பெட்டி எதையும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள், தட்டாதீர்கள், சூடாக்காதீர்கள்.

படி 1: சிறிய பேணியின் அடியில் 3 அங்குல ஆணியால் சுமார் 20 துளைகள் இடுங்கள். காற்று கீழிருந்து விறகுக்குள் செல்வது இவற்றின் வழியே.

படி 2: அதே பேணியின் மேல்விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றர் கீழே, சுற்றிவர 20 துளைகள் இடுங்கள். மேலெழும் வாயுவை எரிக்கும் காற்று இவற்றின் வழியே வரும்.

படி 3: பெரிய பேணியைக் கவிழ்த்து வையுங்கள். மேலே வந்த அடித்தகரத்தில், சிறிய பேணி நுழைந்து அதன் விளிம்பு மட்டும் தொங்கி நிற்குமாறு வட்டமாக வெட்டுங்கள்.

படி 4: கவிழ்த்த பெரிய பேணியின் பக்கங்களில், நிலத்தையொட்டிச் சுற்றிவரப் பெருவிரல் அகலத்தில் 12 துளைகள் வெட்டுங்கள்.

படி 5: சிறிய பேணியை உள்ளே இறக்குங்கள். பானை வைக்க 3 கற்களைச் சுற்றிவர நிறுத்துங்கள். பானையின் அடி பேணி வாயிலிருந்து 3 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும்.

5. எரிக்கும் முறை

மேல்துளைகளுக்குச் சற்றுக் கீழ்வரை காய்ந்த துண்டுகளை நிரப்புங்கள். அவற்றின் மேல் பன்னாடைத் தும்பைப் போட்டு மேலிருந்து பற்றவையுங்கள். இது நமது வழக்கத்துக்கு மாறானது. ஆனாலும் இதுதான் முக்கியம். நெருப்பு மெதுவாகக் கீழிறங்கும்போது கீழுள்ள விறகிலிருந்து எழும் வாயு மேலே வந்து எரிந்துவிடும். சில நிமிடங்களில் மேல்துளைகளிலிருந்து சுவாலை உள்நோக்கிப் பாய்வதைக் காண்பீர்கள். அப்போது பானையை வையுங்கள்.

இடையில் விறகு போடாதீர்கள். போட்டால் புகைக்கும். இந்தச் சிறிய அடுப்பு தேநீர் வைக்க, பால் காய்ச்ச, ஒரு கறி சமைக்க உதவும். பெரிய குடும்பத்துக்குச் சோறு காய்ச்ச மண் அடுப்பே ஏற்றது. அதற்கும் இதே காய்ந்த விறகைப் பயன்படுத்தினால் புகை குறையும்.

சுவாலை அடங்கியதும் உள்ளே தணல் இருக்கும். குறட்டால் பேணியைத் தூக்கித் தணலை மூடியுள்ள வேறொரு தகரத்தில் கொட்டி இறுக மூடுங்கள். அடுத்த நாள் திறந்தால் கரி கிடைக்கும். உடுப்பு அழுத்தும் பெட்டிக்கு அது உதவும்.

6. கட்டாயம் கவனிக்க வேண்டியவை

• விறகு வாயுவிலும் தணலிலிருந்தும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடுப்பையோ தணலையோ மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். மழை பெய்தாலும் குளிரடித்தாலும் இதில் மாற்றம் இல்லை.

• தலையிடி, தலைச்சுற்று, வாந்தி ஏற்பட்டால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். மயங்கியவரை வெளியே கொண்டுவந்து விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

• கிடுகுக் கொட்டிலுக்கும் தறப்பாளுக்கும் அருகே அடுப்பு மூட்டாதீர்கள். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

• நிலத்துக்கடியில் புதைந்துள்ள வெடிபொருள் சூட்டில் வெடிக்கக்கூடும். துப்புரவாக்கப்பட்ட இடத்தில், கல் அல்லது மண் மேடையின் மேல் மட்டுமே அடுப்பை வையுங்கள். குப்பை எரிப்பதற்கும் இது பொருந்தும்.

• எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் உங்களில் பலர். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை விறகு வாயுவில் ஓட்டவும் உங்களுக்கு ஆசை வரலாம். தாரை வடிக்காத வாயு இயந்திரத்தைப் பழுதாக்கும், கசியும் வாயு உயிரைப் பறிக்கும். போர்க் காலத்தில் சுவீடனில் இந்த வாயுவினால் பலர் நஞ்சூட்டப்பட்டார்கள். பயிற்சி பெற்ற ஒருவரின் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரே நிறையுள்ள இரண்டு சிறு கட்டு விறகை எடுங்கள். ஒன்று இன்று வெட்டியது, மற்றது 2 மாதம் காய்ந்தது. இரண்டையும் மண் அடுப்பில் வேறுவேறாக எரித்து ஒரே அளவு தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். எது முந்திக் கொதித்தது, எது அதிகம் புகைத்தது, கேத்தலின் அடியில் எது கூடுதலாகக் கரி படியவைத்தது என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் கலந்து பேசுங்கள்

1. ஐப்பசி முதல் மார்கழி வரை நமது அடுப்புக்கு எத்தனை கட்டு விறகு வேண்டும்?
2. அது முழுவதையும் நமது வளவிலிருந்தே எடுக்க முடியுமா? முடியாவிட்டால், பாதுகாப்பாக எங்கே பெறலாம்?
3. விறகுக்குப் போகும்போது தாண்டக்கூடாத எல்லை எது என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் வீட்டில் விடை கிடைத்த பின்னரே கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போங்கள்.