தனுஷ்கோடியின் இருப்புப் பாதை

இராமேசுவரத் தீவின் தென்கிழக்கே, நாவினை நீட்டினாற்போல மணற்பரப்பு ஒன்று கடலுக்குள் நீண்டு செல்கின்றது. அதன் வடபால் இருப்பது பாக்கு நீரிணை; தென்பால் இருப்பது மன்னார் வளைகுடா. அலையடங்கிய வடகடலைப் பெண்கடல் என்றும், அலைமிக்க தென்கடலை ஆண்கடல் என்றும் அங்குள்ள மீனவர் வழங்குவர். இவ்விரு கடல்களும் நெருங்கி வரும் மணற்கோடியில் அமைந்திருந்த ஊரே தனுஷ்கோடி. தனுசு என்பது வில். கோடி என்பது முனை. இராமபிரான் தம் வில்முனையால் சேதுவை உடைத்த இடம் இதுவென்பது வழிவழி வந்த நம்பிக்கை.

இன்று அங்குச் செல்வோர் கூரையிழந்த மாதா கோயிலையும், புகைவண்டி நிலையத்தின் சிதைந்த சுவர்களையும் கண்டு மீள்கின்றனர். சுவர்கள் எல்லாருடைய கண்ணிலும் படுகின்றன. ஆனால், தண்டவாளம் எவ்வழியே வந்தது, எங்கே இரண்டாகப் பிரிந்தது, கைகாட்டி மரங்கள் எங்கெங்கே நின்றன என்பன மணலுக்குள் மறைந்து கிடக்கின்றன. மறைந்துபோன ஒரு நிலையத்தின் பாதை அமைப்பை ஆராய்ந்து வரைவது பொழுதுபோக்கான முயற்சியெனச் சிலர் கருதக்கூடும். தனுஷ்கோடியைப் பொறுத்தவரை அஃது அவ்வளவு எளிய செய்தியன்று. ஓர் இரவில் மாண்டவர்களின் வரலாறு அக்கைகாட்டி மரத்தோடு பிணைந்துள்ளது.

1914ஆம் ஆண்டிற்கு முன்னர், சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்வோர் தூத்துக்குடி வரை புகைவண்டியில் சென்று, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறுவர். அந்நீண்ட கடற்பயணத்தைச் சுருக்கும் பொருட்டே தென்னிந்திய இரயில்வே கம்பெனியார் பாம்பன் கால்வாயின் குறுக்கே இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த நீளமுடைய பாலத்தைக் கட்டினர். அப்பாலம் 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ஆறேகால் மைல் சென்று இராமேசுவரத்தை அடைந்தது. மற்றொன்று பதினைந்து மைல் சென்று தனுஷ்கோடியில் முடிந்தது. கோயில் நகருக்குச் சென்ற பாதை குறுகியது. கப்பல் துறைக்குச் சென்ற பாதையே நெடியது. கடலைத் தாண்டும் நோக்கமே அப்பாதையை வகுத்ததென்பதற்கு இவ்வளவே போதிய சான்று.

எழும்பூரிலிருந்து புறப்பட்ட ‘போட் மெயில்’ என்னும் வண்டி தனுஷ்கோடிக்கு வந்து சேரும். பயணிகள் நீராவிக் கப்பலேறி, ஏறக்குறைய இருபது மைல் கடலைக் கடந்து, தலைமன்னார் துறையில் இறங்குவர். அங்கு வேறொரு வண்டி அவர்களுக்காகக் காத்து நிற்கும். இக்கரையில் இருந்தது ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை. அக்கரையில் இருந்ததோ ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்ற தமிழ் மக்களும் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்தபின் இவ்வழியே சென்றனர். மூட்டை முடிச்சுகளுடன் அவர்கள் தாய்நாட்டு மண்ணை இறுதியாக மிதித்த இடம் பலருக்குத் தனுஷ்கோடியாகவே இருந்தது.

பாதை முடியும் நிலையத்திற்கெனச் சில தேவைகள் உண்டு. வண்டியை இழுத்துவந்த என்ஜின் அதன் முன்புறத்தில் நிற்கும். திரும்பிச் செல்லும்போது அதுவே மறுமுனையில் வந்து இணைதல் வேண்டும். ஆகவே, நடைமேடையை ஒட்டிய பாதைக்கு இணையாக மற்றொரு பாதை அமைத்து, இரண்டையும் இருமுனைகளிலும் இணைப்பர். என்ஜின் வண்டியைக் கழற்றிவிட்டு, அப்பக்கப் பாதை வழியே சுற்றிவந்து மறுபுறம் சேரும். நீராவி என்ஜினுக்குத் தண்ணீரும் நிலக்கரியும் வேண்டும். சரக்குப் பெட்டிகள் ஒதுங்கி நிற்கத் தனிப் பாதை வேண்டும். உப்புநீர் சூழ்ந்த மணல்திட்டில் என்ஜினுக்கு நன்னீர் தருவதே ஒரு பெருமுயற்சிதான். தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் தூண்களைக் கண்டு, ‘இஃது என்ன கட்டடம்?’ என வினவுவோர் பலர். ஆராய்ச்சியாளனுக்கு அத்தூண்கள் ஓர் அடையாளம். என்ஜின் நீர் பிடிக்க நின்ற பாதை அத்தொட்டியிலிருந்து வெகுதூரத்தில் இருந்திராது அன்றோ?

இத்தகைய எச்சங்களிலிருந்தே பழைய அமைப்பைப் படிப்படியாக மீட்டெடுத்தல் இயலும். நடைமேடையின் விளிம்புக் கல் கிடைத்தால், அதையொட்டிச் சென்ற தண்டவாளத்தின் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பாதை பிரியும் கோணங்கள் மனம்போனவாறு அமைவனவல்ல. எட்டரைக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என வகுக்கப்பட்டவை. ஆதலின், பிரியும் இடம் ஒன்றைக் கண்டால் இணைபாதை எவ்விடத்தில் தொடங்கும் என்பதைக் கணக்கிட்டு அறியலாம். கைகாட்டியை இழுக்கும் கம்பி, தரையில் நட்ட சிறு முளைகளிலுள்ள கப்பிகளின்மேல் ஓடும். கைகாட்டி மரம் மறைந்தாலும், வரிசையாக நிற்கும் அம்முளைகள் அது நின்ற திசையைக் காட்டிக்கொடுக்கும்.

நிலத்திற் கிடைக்காதவற்றை ஏடுகளில் தேடவேண்டும். நிலஅளவைப் படங்கள், பணியாளருக்கென அச்சிட்ட கால அட்டவணைகள், ஒவ்வொரு நிலையத்திற்கும் தனித்தனியே வகுத்த பணி விதிகள், அவ்விதிகளோடு இணைந்த வரைபடங்கள், பழைய நிழற்படங்கள் ஆகியவை பெருந்துணை புரியும். தென்னிந்திய இரயில்வே கம்பெனியின் இயக்குநர் குழு இலண்டனில் இருந்தது. அலுவல் நடந்ததோ திருச்சிராப்பள்ளியில். 1951 ஏப்ரல் 14ஆம் நாள் அது தென்னக இரயில்வேயில் இணைந்தது. ஆகவே, ஒரு சிற்றூர் நிலையத்தின் வரலாற்றை அறிய இரு நாடுகளின் ஏடுகளைப் புரட்ட வேண்டியுள்ளது. அவ்வாறு கிடைக்கும் வரைபடத்தையும் அப்படியே நம்பிவிடுதல் கூடாது. கட்டக் கருதி வரைந்து கட்டாமலே விட்ட பாதைகளும் அதில் இருக்கும். மேலும், ஒரு வரைபடம் ஓர் ஆண்டின் நிலையை மட்டுமே காட்டும். 1914இல் வரைந்ததைக் கொண்டு 1964இல் நடந்ததை விளக்கப் புகுவது பெரும்பிழையாய் முடியும்.

தனுஷ்கோடியின் ஆராய்ச்சி வந்து நிற்கும் இடமும் 1964ஆம் ஆண்டே. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவு நெருங்கிய வேளையில், 653ஆம் எண் பயணிகள் வண்டி பாம்பனை விட்டுப் புறப்பட்டது. கடும்புயல் வீசிக்கொண்டிருந்தது. நிலையத்தை அடையச் சில நூறு கெஜத் தொலைவே இருந்தபோது பேரலை எழுந்து வண்டி முழுவதையும் வாரிக்கொண்டு சென்றது. அதில் 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியரும் இருந்தனர் என்பது பலரும் கூறும் கணக்கு. சீட்டின்றி ஏறியோரையும் சேர்த்து அதனினும் மிகுத்துச் சொல்வாரும் உளர். எவரும் உயிர் பிழைக்கவில்லை.

கைகாட்டியில் விளக்கு எரியவில்லை என்றும், ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்தார் என்றும், பின்னர் நீண்ட ஊதல் ஒலித்துத் துணிந்து வண்டியைச் செலுத்தினார் என்றும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கேட்போர் சிலர் அவரைத் துணிவுடையவர் என்பர். சிலர் அவசரக்காரர் என்பர். இரண்டு தீர்ப்பும் எளிதில் சொல்லத்தக்கவை. ஆராய்வோன் முதலில் எழுப்பவேண்டிய வினா வேறு. வண்டியில் இருந்தோர் எவரும் மீளவில்லை. அங்ஙனமாயின், ஓட்டுநர் எண்ணியதையும் துணிந்ததையும் வந்து சொன்னவர் யார்? ஊதல் ஒலியைத் தொலைவில் நின்றோர் கேட்டிருத்தல் கூடும். அவர் உள்ளத்தை எவரும் கேட்டிருத்தல் இயலாது.

இனி, கைகாட்டியின் இயல்பை நோக்குதல் வேண்டும். அக்காலத்துக் கைகாட்டி மரத்தின் கை கிடையாக நின்றால், வண்டி நிற்கவேண்டும். கீழே சாய்ந்தால், வண்டி செல்லலாம். இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் முன்னே சிவப்புக் கண்ணாடியோ பச்சைக் கண்ணாடியோ வந்து நின்று அதே செய்தியை உணர்த்தும். கம்பி அறுந்துவிட்டால் எதிர் எடையின் பாரத்தால் கை தானே கிடைநிலைக்குத் திரும்பிவிடும். விளக்கு அணைந்த கைகாட்டியையும் ‘நில்’ என்றே கொள்ளவேண்டும் என்பது இரயில்வே விதி. ஐயம் நேர்ந்தபோதெல்லாம் வண்டியை நிறுத்துவதே அவ்வமைப்பின் உயிர்க்கருத்து. மிகுந்த அறிவோடு வகுத்த முறை அது. எனினும், புயலிரவில் அதுவே ஓட்டுநரை இருளில் விட்டுவிடும். நிலையத் தலைவர் நிறுத்தினாரா, கம்பி அறுந்ததா, காற்று விளக்கை அணைத்ததா என அறிய அவருக்கு வழி இல்லை. மூன்றுக்கும் ஒரே தோற்றந்தான்.

கைகாட்டி சாயாவிடில் ஊதல் ஒலித்து நிற்கவேண்டும். நிலையத்திலிருந்து எழுத்தாலோ கைச்சைகையாலோ இசைவு கிடைத்தபின்னரே அதைக் கடக்கவேண்டும். ஏனைய இரவுகளில் இது சில நிமிடங்களில் முடியும் செயல். அவ்விரவில் காற்றையும் நீரையும் எதிர்த்து ஒருவர் கைகாட்டி வரை நடந்து வருதல் இயலுமா? அதற்கு விடையளிப்பது கெஜக்கணக்கே. கைகாட்டி நிலையத்திலிருந்து எத்தனை கெஜத்தில் நின்றது, அவ்விடத்து மணல் கடல்மட்டத்திற்கு எவ்வளவு மேலே இருந்தது என்பவற்றைத் தெளிந்தாலன்றி, ஓட்டுநரைப் பழிக்கவோ புகழவோ எவருக்கும் உரிமையில்லை. விதிகள் யாவும் முன்னே நிற்கக்கூடிய மற்றொரு வண்டியை எண்ணி வகுக்கப்பட்டவை. பக்கத்திலிருந்து எழுந்துவரும் கடலை எண்ணி வகுக்கப்பட்டவையல்ல. நின்றாலும் கடல், சென்றாலும் கடல்.

புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டனர். தனுஷ்கோடிப் பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றுவந்த கப்பலும் 1984இல் நின்றுபோயிற்று. அக்கரைப் பாதை உள்நாட்டுப் போரினால் அழிந்து, 2015 மார்ச்சு மாதத்தில் தலைமன்னார் வரை புத்துயிர் பெற்றது. ஒரே ஆண்டில் பிறந்த இரு முனை நிலையங்களுள் ஒன்றுக்கு இன்று வண்டி வருகின்றது. மற்றொன்றுக்குச் சாலை மட்டும் வருகின்றது.

அச்சாலையருகே நிற்கும் நிலையச் சுவரில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பொருத்தி, பாதை வந்த மேற்றிசை நோக்கி நடந்தால், சில நூறு கெஜம் செல்வதற்குள் இருபுறமும் கடல் கண்ணிற் படுகின்றது. தாழ்ந்த மணலன்றி ஒதுங்கி நிற்க மேடு ஏதும் இல்லை. அன்றிரவு வண்டி காத்து நின்றது இந்த நிலத்திலேதான்.