தனிக்காவலுக்கும் ஒரு காவல் வேண்டும்

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் பெரிதும் வாட்டியது. இத்தகைய அழிவுகளால் காணியிழந்தோர் தேடிப் போகும் வேலைகளுள் இராக்காவலும் ஒன்று.

தேயிலை ஸ்டோரிலும் மரக்கறிக் களஞ்சியத்திலும் ஒருவரே இரவெல்லாம் நிற்கிறார். கள்வர் மட்டுமா ஆபத்து? பாம்பு தீண்டலாம், ஈரப் படியில் வழுக்கலாம், நெஞ்சு வலிக்கலாம். பக்கத்தில் ஆளிருந்தால் தப்பக்கூடியவர், தனியே விடியும்வரை கிடந்தால் உயிரிழக்க நேரும். ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டியது: அவருக்கு ஏதும் நேர்ந்தால், எத்தனை மணிக்கு, யாருக்குத் தெரியவரும்?

வேலையை ஏற்கும் முன் நான்கு காரியங்களைப் பேசி முடிப்போம்.

1. மணிக்கொரு முறை பொறுப்பாளருக்கு அழைப்பு எடுக்க வேண்டும். 15 நிமிடம் தாமதித்தால் அவரே அழைக்க வேண்டும். பதில் இல்லையேல் இருவராகச் சென்று பார்க்க வேண்டும். சிக்னல் கிடைக்காத மலை மறைவில் டோர்ச் வெளிச்சமோ விசிலோ உதவும். பிரட்டுக்குத் தப்பு அடித்தால் தோட்டமே அறிந்தது போல, அந்த அடையாளத்தின் பொருளை அயலவர் அறிந்திருக்க வேண்டும்.

2. கள்வரைத் துரத்த வேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு 119க்கு அறிவிப்போம். பொருளை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.

3. சப்பாத்தும் டோர்ச்சும் இன்றிச் சுற்றுப் போகக் கூடாது. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், அசையாதிருந்து 1990 இலவச அம்புலன்சை அழைக்க வேண்டும்.

4. மலைச்சரிவில் 24 மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 ஆனாலும், ஒரே மணியில் 75 ஆனாலும் உடனே வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகள் இவை. அப்படி விலகியதற்குச் சம்பளம் வெட்டப்படாது என்பதையும் முன்னரே உறுதிசெய்வோம்.

இவை சலுகைகள் அல்ல. பாதுகாப்பான வேலைச்சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சர்வதேச தொழில் தாபனம் 2022 ஜூனில் ஏற்றுக்கொண்டது. வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். அதற்குச் சான்று தேவை. நியமனக் கடிதம், வரவுப் பதிவு ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கட்டும்.

கலந்துரையாடுவோம்

1. நம் லயத்திலிருந்து இராக்காவலுக்குப் போவோர் யார்? நள்ளிரவில் அவர்களுடைய அழைப்பை எதிர்பார்த்திருப்பவர் யார்?

2. அழைப்பு வராவிட்டால் தேடிச் செல்லும் இருவர் யார்? அவர்களின் பெயர்களை இன்றே எழுதி வைப்போமா?