தாதியர் படிப்பு: எந்த வழி?

டார்னெய்ட்டில் வளரும் நம் பிள்ளைகள் நர்ஸ் ஆக இரு வழிகள் உண்டு. ஒன்று, 3 ஆண்டுப் பட்டம். நமக்கு அருகில் செயின்ட் ஆல்பன்ஸில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இது உள்ளது. முடித்தவர் ரெஜிஸ்டர்ட் நர்ஸ். மற்றது சுமார் 2 ஆண்டு டேஃப் டிப்ளமா. இதை முடித்தவர் என்ரோல்ட் நர்ஸ்; ரெஜிஸ்டர்ட் நர்ஸின் மேற்பார்வையில் வேலை செய்வார். பின்பு பட்டத்தில் சேர்ந்தால் பல பல்கலைக்கழகங்கள் பாடங்களில் கழிவு தருகின்றன. "பட்டம்தான் கௌரவம்" என்று பிள்ளைகளை நாம் நெருக்குவது சரியாகப் படவில்லை. டிப்ளமா தாழ்ந்த வழியல்ல.

தகுதி உள்ளோருக்கு டேஃப் கட்டணச் சலுகையும் உண்டு, விசாரியுங்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். முதியோர் பராமரிப்புச் சான்றிதழ் வேலை தரும், ஆனால் நர்ஸ் ஆக்காது. பணம் கட்டுமுன் அந்தப் படிப்பு ஆஸ்திரேலிய நர்சிங் போர்டின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் படித்து முடித்தாலும் பதிவு கிடைக்காது.