திருகு வெட்டும் கடைசல் பொறி

உளியைக் கையில் பிடித்து உலோகத்தில் திருகு வெட்டினால், ஒன்றைப் போல் மற்றொன்று அமைவது அரிது. ஒரு போல்ட்டின் நட்டு இன்னொன்றுக்குப் பொருந்தாது. இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பாட்டக்கெட் நகரின் டேவிட் வில்கின்சன். தம் திருகு வெட்டும் கடைசல் பொறிக்கு 1798-இல் காப்புரிமை பெற்றார்.

இவ்வகைப் பொறியில் உளியைப் பிடிப்பது கையன்று. சறுக்கிச் செல்லும் ஒரு தாங்கி. அதை நகர்த்துவது நீண்ட வழித்திருகு. அக்காலப் பட்டறைகளில் நீர்ச்சக்கரத்தின் விசை தோல்வார் வழியே வந்து, வேலைப்பொருளைத் தாங்கும் கதிரைச் சுழற்றியது. பிற்காலத்துப் பொறிகளில் கதிரையும் வழித்திருகையும் மாற்றத்தக்க பற்சக்கரங்கள் இணைத்தன.

கணக்கைப் பார்ப்போம். வழித்திருகில் அங்குலத்துக்கு 4 புரி. நமக்கு வேண்டியது 8. வழித்திருகு ஒருமுறை சுற்றுவதற்குள் கதிர் இருமுறை சுற்றவேண்டும். ஆகவே கதிரில் 20 பல், வழித்திருகில் 40 பல். 10 புரி வேண்டின், 20-க்கு 50. ஆனால் வழித்திருகில் பிழையிருந்தால், வெட்டப்படும் ஒவ்வொரு திருகிலும் அது இறங்கும். ஆய்வுக்கூடத்தில் நுண்ணளவியைத் திருகும்போது நான் நம்புவது, அதைப் பெற்ற தாய்த்திருகையே!

வில்கின்சனின் 14 ஆண்டுக் காப்புரிமை அவருக்குப் பெரும்பயன் தராமலே கழிந்தது. அரசின் ஆயுதசாலைகள் அவர் முறையைப் பயன்படுத்தின. 1848-இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்கு 10,000 டாலர் வழங்கியது. கைம்மாறு வர ஐம்பது ஆண்டுகள் ஆயின, நண்பர்களே!