குழு டிராக்டர்: காலையில் பத்து நிமிடம், கையில் ஒரு நோட்டு



கறவை மாடு, ஆடு, தையல் மிஷின் என்று கடன் வாங்கிய நம் குழுக்களில் சில இப்போது சிறிய டிராக்டர் வாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. பாராட்ட வேண்டிய விஷயம். 15 முதல் 25 குதிரைத்திறன் உள்ள ஒரு சிறிய வண்டி நம் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்காது. புரட்டாசியில் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் கரிசலில் உழவு. மழை முடிந்து உப்பு வாரும் காலத்தில் உப்பளத்தில் டிரெய்லர் வேலை.

மாடு என்றால் அதற்குத் தண்ணீர் வைத்தோமா, சாணி எப்படி இருக்கிறது என்று நாமே பார்க்கிறோம். டிராக்டர் என்றால் மட்டும், "அதெல்லாம் டிரைவர் தம்பி பாத்துக்கிடுவான்" என்று விட்டுவிடுகிறோம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது டிரைவர் அல்ல, நாம். புரட்டாசி மழைக்கு முன் வண்டி பத்து நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அந்த ஆண்டு உழவு வாடகை போய்விடும். ஆனால் தவணை நிற்காது.

ஆகவே இந்த மாதப் பாடம்: டிரைவர் ஓட்டட்டும், பராமரிப்பு நம் கண்ணில் இருக்கட்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

டீசல் எஞ்சின் எப்படி ஓடுகிறது?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைக்க பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. காற்றை உள்ளே இழுத்து, சுமார் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான இடத்தில் நெருக்குகிறது. நெருக்கிய காற்று கடுமையாகச் சூடாகும். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாகிறதல்லவா, அதே கதைதான். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, எஞ்சினுக்குச் சுத்தமான காற்று வேண்டும். இரண்டு, சுத்தமான டீசல் வேண்டும். இவற்றோடு எண்ணெயும் தண்ணீரும் சரியாக இருந்தால் வண்டி நம்மைக் கைவிடாது.

காலையில் பார்க்க வேண்டியவை

வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள்.

1. எஞ்சின் ஆயில்: அளவுக் கம்பியை எடுத்துத் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தாலும் தப்பு, மேல் கோட்டைத் தாண்டினாலும் தப்பு. ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

2. ரேடியேட்டர் தண்ணீர்: எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

3. ஏர் கிளீனர்: ஆயில் கிண்ணம் உள்ள வகையானால் அடியில் சேறு படிந்திருக்கிறதா பாருங்கள். படிந்திருந்தால் கழுவி, புது ஆயிலைக் குறியிட்ட அளவு ஊற்றுங்கள். காகித பில்டர் வகையானால் லேசாகத் தட்டித் தூசு போக்குங்கள். தண்ணீரில் கழுவக் கூடாது.

4. டீசல்: டேங்கைச் சாயங்காலம் வேலை முடிந்ததும் நிரப்புவது நல்லது. காலி டேங்கில் இரவுக் குளிரில் நீர் வியர்த்து டீசலில் கலக்கும். டீசல் முழுவதும் தீரும்வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்துவிடும். பிறகு 'ஏர் எடுத்தால்'தான் வண்டி கிளம்பும்.

5. டயர் காற்று, சக்கர நட்டு, ஃபேன் பெல்ட், பேட்டரி முனை, தரையில் ஒழுக்கு. ஒரு சுற்று சுற்றி வந்தால் இவை எல்லாம் கண்ணில் படும்.

ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்துவிட்டதா பாருங்கள். புகையும் நமக்குச் செய்தி சொல்லும். தொடர்ந்து கறுப்புப் புகை வந்தால் காற்று அடைப்பு அல்லது அதிகப் பாரம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

நம் கடற்கரையின் மூன்று எதிரிகள்

கம்பெனி கொடுக்கும் கையேடு எல்லா ஊருக்கும் பொதுவானது. நம் ஊருக்கென்று மூன்று விஷயம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

உப்பு: உப்பளத்தில் ஓடிய வண்டியை அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சக்கர ரிம், டிரெய்லரின் அடிப்பாகம், கொக்கி, பிரேக் கம்பிகள் எல்லாவற்றிலும் உப்பு ஒட்டியிருக்கும். கழுவிக் காய்ந்த பிறகு கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடித்தால்தான் உப்பும் வெளியேறும். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். "நாளைக்குக் கழுவலாம்" என்று விட்டால் துரு இன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும்.

உவர்த் தண்ணீர்: கடலோரக் கிணறும் போரும் பல இடங்களில் உப்புக் கரிக்கும். குடிக்க முடியாத தண்ணீரை ரேடியேட்டருக்கும் ஊற்றாதீர்கள். சமையல் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். எஞ்சின் சூடு தணியாமல் ஹெட் கேஸ்கெட் போகும். கம்பெனி சொல்லும் கூலன்ட் ஊற்றுங்கள். அதில் கலக்க பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைப் பயன்படுத்துங்கள்.

தூசு: ஆடி, ஆவணிக் காற்றில் காய்ந்த கரிசலை உழும்போது வண்டியே தெரியாத அளவு புழுதி எழும். அந்தப் புழுதி எஞ்சினுக்குள் போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் அரத்தைப் போல் தேய்த்துவிடும். அந்த நாட்களில் ஏர் கிளீனரைக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பாருங்கள். ரேடியேட்டர் முன் வலையில் ஒட்டிய தூசையும் சருகையும் தட்டிவிடுங்கள்.

நோட்டும் கணக்கும்

டிராக்டரின் வயது கிலோமீட்டரில் இல்லை, மணியில். டேஷ்போர்டில் ஹவர் மீட்டர் இருக்கும். காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண் எழுதினால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரிந்துவிடும். யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. டீசல் லிட்டர், வேலை செய்த இடம், வாங்கிய தொகை, செய்த ரிப்பேர் ஆகியவற்றையும் அதே வரியில் எழுதுங்கள்.

புது வண்டிக்கு முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணியில் வரும். அதன்பின் எஞ்சின் ஆயிலும் ஆயில் பில்டரும் பல வண்டிகளுக்கு 250 மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள எண்ணை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

வாடகை முழுவதும் வருமானம் என்று நினைக்கக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேர வாடகை 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டீசல் 3 லிட்டர், 300 ரூபாய். டிரைவர் சம்பளம் 150 ரூபாய். பராமரிப்பு நிதி 100 ரூபாய். மீதி 250 ரூபாய். தவணைக்கு உள்ள பணம் இந்த 250 மட்டுமே. மாதம் 60 மணி ஓடினால் 15,000 ரூபாய். உங்கள் ஊர் விலையை வைத்து இதே போல் போட்டுப் பாருங்கள். தவணைக்குப் போதவில்லை என்றால் வாடகையையோ ஓடும் மணியையோ பற்றி இப்போதே பேச வேண்டும்.

பராமரிப்பு நிதிக்கு எடுக்கும் 100 ரூபாயைத் தனியாக வங்கியில் போடுங்கள். 250 மணி ஓடியதும் 25,000 ரூபாய் சேர்ந்திருக்கும். சர்வீஸுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

சேலையும் சுழலும் தண்டும்

இந்தப் பகுதியைக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள்.

ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டை பி.டி.ஓ. என்பார்கள். அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று சுற்றும். முந்தானையோ, துப்பட்டாவோ, பின்னலோ மாட்டினால் கையை எடுப்பதற்குள் இழுத்துவிடும். அதன் மேல்மூடியைக் கழற்றி வைத்து ஓட்ட விடாதீர்கள். வண்டி அருகே போகும்போது, உப்பளத்தில் சேலைக்கு மேல் சட்டை போடுகிறோமே, அதே போல் சட்டை போட்டு, தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கல்லோ வேரோ சிக்கினால் எஞ்சினை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் திரும்பிக் கவிழும். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. டிரெய்லர் சரக்குக்கு உரியது. களை எடுக்கப் போகும் பெண்களை அதில் ஏற்றாதீர்கள். விபத்து நடந்தால் உயிருக்கும் ஆபத்து, காப்பீட்டுப் பணம் கிடைப்பதும் சிக்கல்.

வெள்ளத்தில் மூழ்கினால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் மூழ்கின. அப்படி ஒரு நாள் மறுபடி வரலாம்.

மழை எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். மீறி மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பாப்போம்" என்று சாவியைத் திருப்பவே கூடாது. காற்றை நெருக்க முடியும், தண்ணீரை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் போட்டோ எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டீசல் எல்லாவற்றையும் மெக்கானிக் வடித்து மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வாங்க நினைக்கும் குழுக்களுக்கு

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கும் விடுகிறது. ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து, நம் ஊரில் எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மானியம் வேண்டுமென்றால் வண்டி வாங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விவரத்தை அத்துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில்

* டிராக்டரைக் கூட்ட இடத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் அளவுக் கம்பியை எடுத்து ஆயில் பார்க்கட்டும்.
* காலைப் பரிசோதனைக்கு வாரம் இருவர் என்று முறை வையுங்கள்.
* ஹவர் மீட்டர் நோட்டைச் சேமிப்புப் பதிவேட்டோடு சேர்த்து வாசியுங்கள்.
* ஆர்.சி. புத்தகம், காப்பீடு, டிரைவரின் உரிமம் மூன்றிலும் முடியும் தேதி என்ன என்று பாருங்கள்.
* உறுப்பினர்களில் யார் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். ஒருவராவது கை தூக்கினால் அவர் பெயரைத் தீர்மானத்தில் எழுதி, கூட்டமைப்புக்கு அனுப்புங்கள்.